நாஷ்வில் படிக்கட்டில் கேட்ட கேள்வி

அகிம்சையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் ஊரில் இரண்டே கட்சிதான். ஒரு கட்சி கையெடுத்துக் கும்பிடும், இன்னொரு கட்சி சிரிக்கும். அடிபட்டவனின் பொறுமையைப் பார்த்து அடித்தவனின் மனசாட்சி விழித்துக்கொள்ளும் என்பார்கள் கும்பிடுகிறவர்கள். மனசாட்சி இருக்கிறவனிடம்தானே அதெல்லாம் பலிக்கும் என்பார்கள் சிரிக்கிறவர்கள். போன வருஷம் ஒரு வளைகாப்புப் பந்தியில் என் சித்தப்பா மகன் இரண்டாவது கட்சியின் சார்பில் பேசினான். "வெள்ளைக்காரன் கொஞ்சம் வெட்கப்படுறவன், அதனால நடந்துச்சு அண்ணே. வேற எவன்கிட்டயாவது போய் உட்கார்ந்து பாருங்க, மேல வண்டிய ஏத்திட்டுப் போயிருவான்." இலையில் ரசம் விழுந்துகொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு விடாமல் குடைந்துகொண்டே இருந்தது. வெள்ளைக்காரன் வெட்கப்படுகிறவனா என்பதை ஜாலியன்வாலா பாக்கில் கேட்டுக்கொள்ளலாம். என்னைக் குடைந்தது வேறு. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் ஒன்றுபோலவே யோசிக்கின்றன. அகிம்சை என்றால் எதிராளியின் நெஞ்சைப் பார்த்து எய்கிற அம்பு என்றுதான் இருவருமே நினைக்கிறார்கள். தைக்கும் என்கிறது ஒன்று, தைக்காது என்கிறது மற்றது.

இதை யோசிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்கிற இடம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் நாஷ்வில் நகரம். 1960-இல் அங்கே நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தின் ஒரு காட்சி ரொம்பப் பிரபலம். நகர மன்றப் படிக்கட்டில் நின்று இருபத்தோரு வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி மேயரிடம் ஒரு கேள்வி கேட்கிறாள். அவர் ஆமாம் என்கிறார். கடைச் சாப்பாட்டுக் கவுண்டரில் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது என்று ஊரின் சட்டம்போல இருந்த வழக்கம் அதோடு ஆட்டம் காண்கிறது. அந்த இரண்டு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் கும்பிடுகிற கட்சிக்கு வேறு சாட்சியே தேவையில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டுக்கு வந்து சேர ஏழெட்டு மாதம் ஆனது. அந்த மாதங்களில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

நாக்பூரில் வேலை பார்த்தவர்

நாஷ்வில் மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர் ஜேம்ஸ் லாசன். மெதடிஸ்ட் போதகரின் மகன். ஒஹையோவில் வளர்ந்தவர். சின்ன வயதில், காரில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரச் சிறுவன் ஒருவன் இனத்தைச் சொல்லித் திட்ட, இவர் அருகே போய் ஓர் அறை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறார். நடந்ததை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, அதனால் என்ன நன்மை நடந்தது என்று மட்டும் கேட்டாராம். இந்தக் கதையை லாசன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கண்டிக்கவில்லை, பாவம் புண்ணியம் பேசவில்லை, கணக்குக் கேட்டார். பிற்பாடு லாசன் நடத்திய எல்லாப் போராட்டத்திலும் அந்தக் கணக்குப்பிள்ளைப் புத்தி தெரிகிறது.

கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை போனார். ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் திருச்சபை மூலமாக நாக்பூர் வந்து, 1953 முதல் 1956 வரை ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தார். காந்தி இறந்து அப்போது சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காந்தியின் ஆசிரமம் இருந்த வார்தா பக்கத்திலேயே இருந்தது. காந்தியோடு இருந்தவர்கள் பலர் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள், இனம் பிரித்து உட்காரவைத்த பேருந்துகளில் ஏற மறுத்துவிட்டார்கள் என்ற செய்தியை, 1955 டிசம்பரில், நாக்பூர்ச் செய்தித்தாளில்தான் அவர் படித்தார். ஊர் திரும்பியபின் 1957 பிப்ரவரியில் ஓபர்லின் கல்லூரிக்கு, அந்தப் பேருந்துப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் பேச வந்தபோது சந்தித்தார். இரண்டு பேருக்குமே அப்போது இருபத்தெட்டு வயது. படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே, இனப் பிரிவினை இறுகியிருந்த மாநிலங்களுக்கு வருகிறேன் என்று லாசன் சொல்ல, அதுவரை காத்திருக்காதே, இப்போதே வா என்றார் கிங். அப்படித்தான் அவர் நாஷ்வில்லுக்கு வந்து வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் இறையியல் துறையில் சேர்ந்தார். நகரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஆட்களிடம் பேசினார், எங்கே குத்தினால் வலிக்கும் என்று பார்த்தார். கறுப்பினப் பெண்கள்தான் அவருக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தார்கள். நகர மையத்தின் பெரிய கடைகளில் துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கலாம், காசைக் கல்லாவில் கொடுக்கலாம். ஆனால் அதே கடைக்குள் இருக்கும் சாப்பாட்டுக் கவுண்டரில் உட்கார முடியாது. குழந்தைக்கு ஒரு வாய் வாங்கிக் கொடுக்க இடம் கிடையாது, அதன் அழுகையை அமர்த்தியபடியே வீடுவரை வர வேண்டும். கோர்ட்டு, ஓட்டுரிமை என்று பெரிய விஷயங்கள் எவ்வளவோ இருக்க, லாசன் அந்த உயரமான ஸ்டூலைத் தேர்ந்தெடுத்தார்.

நாற்காலி போட்டு நடத்திய பாடம்

1959 இலையுதிர் காலத்திலிருந்து செவ்வாய்க்கிழமை இரவுகளில் கிளார்க் மெமோரியல் தேவாலயத்தில் வகுப்பு. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலிருந்து டயான் நாஷ் வந்தாள். சிகாகோவில் வளர்ந்தவள், தெற்கின் அவமானங்களை அங்கே வந்துதான் நேரில் கண்டவள். பாப்டிஸ்ட் இறையியல் கல்லூரியிலிருந்து ஜான் லூயிஸ், பெர்னார்ட் லாஃபயெட், ஜேம்ஸ் பெவல் வந்தார்கள். லூயிஸ் அலபாமாவின் குத்தகை விவசாயி வீட்டுப் பையன், வாய் திறந்தால் கொஞ்சம் திக்கும். முதலில் படிப்பு: காந்தி, பைபிள், அநீதியான சட்டத்துக்குப் பணியாதே என்று எழுதிய அமெரிக்க எழுத்தாளர் தோரோ. அப்புறம் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதைக் கடைக் கவுண்டராக வைத்துக்கொண்டு ஒத்திகை. சிலர் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மாணவர்கள் வெள்ளைக்கார ரவுடிகளாக மாறி அவர்கள் பின்னால் வந்து நிற்பார்கள். காதருகே குனிந்து, சொல்லக் கூசுகிற வசையெல்லாம் சொல்வார்கள். முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள். நாற்காலியோடு பிடித்துத் தள்ளுவார்கள். விழும்போது எப்படிச் சுருண்டுகொள்வது, கைகளால் தலையை எப்படி மூடுவது, முடிந்தவரை அடிக்கிறவனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி என்றெல்லாம் பாடம். ஒருவனைப் பலர் சேர்ந்து அடித்தால், மற்றவர்கள் இடையே புகுந்து அடியைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒத்திகை முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள்: எந்த இடத்தில் கோபம் வந்தது, எந்த வசைக்குக் கை தானாகத் தூக்கியது?

கை தூக்கியவர்களை யாரும் இழிவாகப் பார்க்கவில்லை. நீ முன்வரிசைக்கு வேண்டாம், வேறு வேலை இருக்கிறது என்பார்கள். எனக்கு இந்த இடம்தான் முக்கியம். வண்டி ஓட்ட, தட்டி எழுத, யார் எந்தக் கடையில் இருக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ள, போலீஸ் பிடித்துப்போனால் வக்கீலுக்குச் சொல்ல ஆள் வேண்டும். அகிம்சை என்றதும் மகான்கள் தேவைப்படுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே தேவைப்பட்டது ஆளைத் தெரிந்து வேலை பிரித்துக்கொடுக்கிற ஒரு மேஸ்திரி.

இது எனக்கு உறைத்தது ஒரு அனுபவத்துக்குப் பிறகு. சென்னை தண்ணீரில்லாமல் தவித்த 2019 கோடையில் எங்கள் பகுதிக்கு லாரி வரவில்லை. புகார் கொடுத்தும், போன் போட்டும் ஆகவில்லை என்றதும் பெண்கள் காலிக் குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். பூக்கட்டுகிற அக்கா ஒருவர்தான் முன்னால். நானும் ஓரமாக நின்றேன். முதல் அரை மணி நேரம் அற்புதமாகப் போனது. பைக்கில் வந்தவர்கள் வண்டியை அணைத்துவிட்டு, எங்க ஏரியாவிலும் இதே கதைதான் என்று பேச ஆரம்பித்தார்கள். நின்றுபோன பஸ்ஸில் இருந்தவர்கள்கூட ஜன்னல் வழியாக அக்காவிடம் விவரம் கேட்டார்கள். அதிகாரியிடமிருந்து போன் வந்துவிட்டது, பேச்சும் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கல் பறந்தது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி நொறுங்கி உள்ளே ஒரு கல்லூரிப் பெண்ணின் நெற்றியில் ரத்தம். அவ்வளவுதான். அதுவரை எங்கள் பக்கம் இருந்த பஸ் மொத்தமும் எங்களைத் திட்ட ஆரம்பித்தது. போலீஸுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மறுநாள் பேச்செல்லாம் கண்ணாடியைப் பற்றித்தான், தண்ணீரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கல்லெறிந்தவன் எங்கள் தெருப் பையன்தான். கூலிக்கு வந்தவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. ராத்திரியெல்லாம் அடிபம்பில் நின்று அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிற பையன். அவனிடம் நீ எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

நாஷ்வில்லில் அதைத் தாளில் எழுதியே கொடுத்தார்கள். லூயிஸும் லாஃபயெட்டும் தயாரித்த பத்து விதிகள். திருப்பி அடிக்காதே, திட்டாதே என்பது எதிர்பார்க்கக்கூடியதுதான். மற்றவை இன்னும் நுணுக்கமானவை. சத்தமாகச் சிரிக்காதே. கடை மேற்பார்வையாளரிடம் அரட்டை அடிக்காதே. தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழுந்திருக்காதே. கடை வாசலை மறிக்காதே. நிமிர்ந்து உட்கார், எப்போதும் கவுண்டரைப் பார்த்தபடியே இரு. யாராவது விவரம் கேட்டால் மரியாதையாகத் தலைவரிடம் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற உடையில் வந்தார்கள், பாடப் புத்தகம் கொண்டுவந்து படித்தார்கள். 1959 நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு கடைகளில் சும்மா போய் உட்கார்ந்து, ஏன் பரிமாற மாட்டீர்கள் என்று பணிவாகக் கேட்டுவிட்டு எழுந்தும் வந்தார்கள். ஆழம் பார்க்கத்தான். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் திடீரென்று ஒரு கவுண்டரில் உட்கார்ந்து செய்தியாகிவிட, நாஷ்வில் மாணவர்களால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பிப்ரவரி 13, சனிக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருந்த நாளில், நூற்றிருபதுக்கும் மேற்பட்டவர்கள் நடந்துபோய் கிரெஸ், உல்வொர்த், மெக்லெலன் கடைகளில் உட்கார்ந்தார்கள்.

அடியும் கல்லாவும்

முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பரிமாறுகிற பெண்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவுண்டரை மூடிவிட்டுப் போனார்கள். பிப்ரவரி 27 அன்றுதான் பாடம் பரீட்சைக்கு வந்தது. போலீஸ் விலகிக்கொள்ள, வெள்ளைக்கார இளைஞர்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். ஸ்டூலிலிருந்து இழுத்துப்போட்டு உதைத்தார்கள், எரிகிற சிகரெட்டை முதுகில் அணைத்தார்கள். அப்புறம் போலீஸ் வந்து, அடித்தவர்களை விட்டுவிட்டு அடிவாங்கியவர்களை அமைதியைக் குலைத்ததாகக் கைது செய்தது. எழுப்பிக்கொண்டுபோன இடத்தில் அடுத்த குழு வந்து உட்கார்ந்தது. அவர்களையும் கொண்டுபோனார்கள், இன்னொரு குழு வந்தது. அன்று மட்டும் எண்பது பேர் வரை கைது. ஜான் லூயிஸுக்கு அது முதல் கைது. நீதிமன்றத்தில் மாணவர்களின் வக்கீல் அலெக்சாண்டர் லூபி வாதாடும்போது நீதிபதி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆளுக்கு 50 டாலர் அபராதம். கட்ட மாட்டோம், உள்ளேயே இருக்கிறோம் என்றார்கள். இதற்குள் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. அதைக் கண்டித்து அங்கிருந்த பேராசிரியர்களே ராஜினாமா கடிதம் நீட்டினார்கள்.

இங்கே கும்பிடுகிற கட்சி ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிகரெட்டை முதுகில் அணைத்தவன் யாரும் மனம் மாறி அழுததாக எனக்குத் தெரியவில்லை. மாறியது கடைத்தெரு. வசந்தகாலம் வந்தது, ஈஸ்டர் நெருங்கியது. நமக்குத் தீபாவளி மாதிரி அவர்களுக்குப் புதுத்துணி எடுக்கிற நேரம். கறுப்பின மக்கள் நகர மையத்தில் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். தேவாலயங்களில் அறிவித்தார்கள், பெண்கள் வீடு வீடாகச் சொன்னார்கள். பழைய துணியோடு ஈஸ்டருக்குப் போவதே கௌரவம் என்றாகிவிட்டது. கலவரத்துக்குப் பயந்த வெள்ளைக்காரர்களும் அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொள்ள, கடைகள் காற்று வாங்கின. கேமராவுக்கு இதில் ஒன்றும் இல்லை. துணி வாங்காமல் வீட்டில் இருக்கிற பெண்ணைப் படம் எடுக்க முடியாது. சிறை போனவர்கள் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைக்குப் புதுச் சட்டை இந்த வருஷம் வேண்டாம் என்று சொன்ன அம்மாவின் பெயர் எங்கும் இல்லை. என்னைக் கேட்டால் நாஷ்வில்லில் பாதி வேலையைச் செய்தது அந்த அம்மாக்கள்தான்.

மேயர் போட்ட சமரசக் குழு ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு யோசனை சொன்னது. உணவுப் பகுதியை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வெள்ளையர் மட்டும், இன்னொரு பக்கம் யார் வேண்டுமானாலும். மாணவர்கள் மறுத்துவிட்டார்கள். இரட்டைக் குவளை பார்த்த நமக்கு ஏன் மறுத்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் இதிலிருந்து ஒன்று புரிகிறது. கல்லாவின் வலி மட்டும் இருந்திருந்தால் அது இப்படித்தான், தடுப்புச் சுவர் வைத்த ஒரு பேரத்தில் போய் நின்றிருக்கும்.

ஏப்ரல் 19

விடியற்காலை ஐந்தரை மணிக்கு வக்கீல் லூபியின் வீட்டில் டைனமைட் வெடித்தது. வீட்டின் முன்பகுதி போய்விட்டது. எதிரே இருந்த மெஹாரி மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. லூபியும் மனைவியும் பின்பக்க அறையில் தூங்கியதால் தப்பித்தார்கள். குண்டு வைத்தவர்கள் கடைசிவரை பிடிபடவில்லை. அன்று மதியத்துக்குள் சில ஆயிரம் பேர் திரண்டு நகர மன்றத்தை நோக்கி நடந்தார்கள். மூன்று மூன்று பேராக, கோஷம் கிடையாது, பாட்டுக் கிடையாது. செருப்புச் சத்தம் மட்டும். இத்தனை ஆத்திரம் இருந்த ஒரு கூட்டத்திலிருந்து ஒரு கல்கூடப் பறக்கவில்லை என்பதை நான் எங்கள் மெயின் ரோட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.

மேயர் பென் வெஸ்ட் படிக்கட்டில் வந்து நின்றார். வெஸ்ட் கொடூரமானவர் அல்ல. கறுப்பின ஓட்டுகளும் வாங்கி வந்தவர், அந்தக் காலத் தெற்கில் மிதவாதி. போதகர் சி.டி. விவியன் ஓர் அறிக்கையை வாசித்தார். மேயர் தலைமைப் பொறுப்பைத் தட்டிக்கழித்துவிட்டார் என்று காரமான அறிக்கை. வெஸ்டுக்குச் சுருக்கென்றது. தான் செய்ததையெல்லாம் அடுக்கினார், குரல் உயர்ந்தது. இரண்டு ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே வாக்குவாதத்தில் இறங்கிவிட்டால் அப்புறம் யாரும் யாருக்கும் இறங்கிவர மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். விவியன் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அது மேயரை மேயராகவே நிறுத்தியது. அங்கேதான் டயான் நாஷ் உள்ளே வந்தாள். குற்றம் சாட்டவில்லை. உங்கள் பதவியின் மதிப்பைப் பயன்படுத்தி, இனப் பாகுபாட்டை நிறுத்தும்படி மக்களிடம் கேட்பீர்களா என்றாள். பொதுவான கேள்வி, எந்த அரசியல்வாதியும் ஆமாம் என்று சொல்லிவிடலாம். வெஸ்டும் சொன்னார்: எல்லாரும் பாகுபாட்டை விட வேண்டும், வெறுப்பு கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பதிலிலேயே கால் வைத்து அவள் அடுத்த படி ஏறினாள். அப்படியானால், சாப்பாட்டுக் கவுண்டர்களில் இந்தப் பிரிவினையை நீக்கும்படி நீங்கள் சொல்கிறீர்களா? வெஸ்ட் ஆமாம் என்றார். உடனே, அது கடைக்காரர்களின் முடிவைப் பொறுத்தது என்று வால் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். மறுநாள் நகரத்தின் டென்னசியன் நாளிதழ் அந்த ஆமாமைத் தலைப்பாகப் போட்டது. வாலைத் தலைப்பில் போடவில்லை.

இந்த இடத்தைப் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கடை ஒரு பொருளை விற்றுவிட்டு, அதே ஆளுக்குச் சாப்பாடு மறுப்பது ஒழுக்கப்படி சரி என்று தன்னால் சொல்ல முடியவில்லை என்று வெஸ்ட் பிற்பாடு விளக்கினார். மனசாட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மனசாட்சி பிப்ரவரியிலும் அவரிடம்தான் இருந்தது. அப்போது அதைத் திறந்து காட்ட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஏப்ரலில் கடைக்காரர்கள் வியாபாரம் போய்த் தவித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிவர அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மேயர் சொன்னார், செய்தோம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு சொல் போதும். நாஷின் கேள்வி அவர்கள் எல்லாருக்கும் சேர்த்துப் படி போட்டுக் கொடுத்தது.

இந்த வித்தையை அவள் எங்கே கற்றாள் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதே போராட்டக் காலத்தில் தெருவில் ஒருவன் லாசனின் முகத்தில் காறித் துப்பினான். லாசன் அவனிடம், கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்டார். கேட்ட வேகத்தில் அவனும் எடுத்துக் கொடுத்துவிட்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்த லாசன், அவன் தோல் ஜாக்கெட்டைப் பார்த்து, உன்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிளா என்று விசாரிக்க, பேச்சு வண்டியின் எஞ்சின் பக்கம் போய்விட்டது. துப்பியவன் திருந்திவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை. துப்புகிறவனாக வந்தவன் கைக்குட்டை கொடுக்கிறவனாக ஒரு நிமிஷம் நின்றான், அதற்குள் அடி விழ வேண்டிய நேரம் கடந்துவிட்டது.

மே 10 அன்று ஆறு கடைகள் கவுண்டர்களைத் திறந்தன. அதையும் கடைக்காரர்களோடு பேசி வைத்துத்தான் செய்தார்கள். முன்கூட்டிச் சொன்ன நேரத்தில் சின்னச் சின்னக் குழுக்களாகப் போவது, பத்திரிகைகள் பெரிதுபடுத்தாமல் இருப்பது என்று. எதிராளி தோற்றதாகத் தெரியாமல் தோற்க ஏற்பாடு. அத்தோடு எல்லாம் முடிந்துவிடவும் இல்லை. ஓட்டல்களுக்கும் திரையரங்குகளுக்கும் அதே நாஷ்வில்லில் இன்னும் சில வருஷம் போராட வேண்டியிருந்தது. 1964-இல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்த பிறகுதான் நாடு முழுவதற்கும் அது சட்டமானது.

மெம்பிஸ்

இவ்வளவு சொல்லிவிட்டு நாஷ்வில்லோடு நிறுத்திக்கொண்டால் அது எனக்குச் சாதகமான சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றுகிற வேலை. அதே லாசன், எட்டு வருஷம் கழித்து, அதே டென்னசியின் மெம்பிஸ் நகரத்தில் போதகராக இருந்தார். 1968 பிப்ரவரி 1 அன்று குப்பை லாரியின் நசுக்கும் பகுதியில் சிக்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பிப்ரவரி 12 முதல் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தம். நானும் மனிதன் என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். போராட்டத்துக்கு வழிகாட்டும் குழுவின் தலைவர் லாசன். கிங்கை அழைத்து வந்ததும் அவர்தான்.

மார்ச் 28 அன்று கிங்கும் லாசனும் முன்னால் நடந்த ஊர்வலத்தில், பின்னால் வந்த இளைஞர்கள் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். ஊர்வலத்தை நிறுத்தச் சொன்னார் லாசன், கிங்கை அங்கிருந்து அனுப்பிவைத்தார்கள். போலீஸ் தடியோடும் கண்ணீர்ப்புகையோடும் பாய்ந்தது. பதினாறு வயதுப் பையன் ஒருவனைச் சுட்டுக் கொன்றது. நாஷ்வில்லில் செவ்வாய்க்கிழமைதோறும் பாடம் எடுத்தவர் முன்னால் நடந்த ஊர்வலம் இது. ஆனால் பின்வரிசையில் வந்தவர்களில் பலர் எந்த வகுப்பிலும் உட்காராதவர்கள். கண்ணாடி உடைத்த அந்தப் பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நகரம் அவர்களுக்கு வேறு எதையும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. ஊர்வலம் கட்டுக்கோப்பாகவும் நடக்கும் என்று காட்டத்தான் கிங் மறுபடி மெம்பிஸ் வந்தார். ஏப்ரல் 4 அன்று சுடப்பட்டார்.

மறுநாள் போதகர்கள் கூட்டமாக மேயர் ஹென்றி லோப் அறைக்குப் போனார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து. கிங் இறந்து இருபத்து நான்கு மணி நேரம் ஆகவில்லை. இதைவிட மனசாட்சியைத் தொடக்கூடிய தருணம் ஒன்று வருமா? லோப் கேட்டுக்கொண்டார், கை குலுக்கினார், அசையவில்லை. வெஸ்டிடம் பலித்த கேள்வி லோபிடம் பலிக்கவில்லை. என் சித்தப்பா மகன் இந்த இடத்தில் சிரிப்பான், சிரிக்கட்டும். ஏனென்றால் லோப் அசையாததால் வேலைநிறுத்தம் தோற்றுவிடவில்லை. கறுப்பின மக்கள் மெம்பிஸ் கடைத்தெருவையும் அதற்கு முன்பிருந்தே புறக்கணித்துக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதி ஜான்சன் தொழிலாளர் துறைத் துணைச் செயலரையே நேரில் அனுப்பினார். ஏப்ரல் 8 அன்று கிங்கின் மனைவி கொரெட்டா முன்னால் நடக்க, பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அன்று தொண்டர்கள் கவனமாக ஓரம் காத்தார்கள், ஒரு கண்ணாடி உடையவில்லை. லோப் தலைக்கு மேலே சென்று, சுற்றியிருந்தவர்கள் பேசி முடித்தார்கள்.

ஏப்ரல் 16 அன்று ஒப்பந்தம் ஆனது. தொழிற்சங்கத்துக்கு அங்கீகாரம், சம்பள உயர்வு. கையெழுத்துக்குச் சில மாதம் கழித்து, ஒப்புக்கொண்டதை நிறைவேற்றவில்லை என்றால் திரும்ப வேலையை நிறுத்துவோம் என்று சங்கம் மறுபடி எச்சரிக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நகராட்சி வழிக்கு வந்தது.